படத்தில் இல்லாத கை

வழக்கறிஞர் அம்மா சொன்னது எனக்கு இன்றும் வார்த்தை மாறாமல் ஞாபகமிருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். காதில் விழாமல் செய்த தப்பு என்றால் எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தலையை ஆட்டி, கைப்பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

"கேஸ் முடியிற வரைக்கும் ஃபேஸ்புக், டிக்டாக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், எதுலயும் ஒன்னும் போடாதீங்க. பொறந்தநாளு, கல்யாணம், ஒன்னும் வேணாம். இவங்க மட்டுமில்ல, வீட்டு ஆளுங்க எல்லாரும்தான். அந்தப் பக்கத்து லாயர் தேடிப் பாப்பாரு," என்றார். 'இவங்க' என்றது என் தங்கையை. அவள் வலது கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மலையிறங்கி ஈப்போ டவுனுக்கு வந்த வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் மலையில் கியா பார்ம் வளைவில் அவள் அடிபட்டாள். வழக்கம்போல வெளியூர்க் கார்கள் நெரித்துக்கொண்டு நின்றன. அவள் மோட்டார் சைக்கிளை ஓரமாக ஒதுக்கி நிறுத்தியிருக்கிறாள். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி இடைவெளியில் புகுந்து போகப் பார்த்தது. முன்பக்கம் போய்விட்டது, பின்பக்கம் அவளைத் தட்டிவிட்டது. தோள் எலும்பு மூன்றாக உடைந்தது. தகடு வைத்துக் கட்டினார்கள். எலும்பு சேர்ந்தது, கை மட்டும் தோளுக்கு மேலே எழும்பவில்லை.

அவளுடைய வேலை அந்தக் கையை நம்பித்தான் இருந்தது. எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்து, செடி வரிசையின் மேலே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் வெட்டு கோணலாகிவிடும், கங்காணி சத்தம் போடுவார். இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் கை ஓரளவு திரும்பும், ஆனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். தனியார் ஆஸ்பத்திரி எங்கள் கைக்கு எட்டாதது. அந்த அறுவைக்காகத்தான் கேஸே.

அன்று மலையேறி வந்ததும் நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன். பிரிஞ்சாங்கில் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறவள் நான்; இந்தக் கைப்பேசி சமாச்சாரமெல்லாம் குடும்பத்தில் எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. தங்கையின் கணக்கைப் பூட்டினேன். அவள் புருஷன் மகளின் பிறந்தநாள் கேக்கைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார் என்று வாசலில் நின்று கத்தினேன். அதில் என் தங்கையின் இடது கைவிரல் மட்டும்தான் தெரிந்தது.

"விரல்தானே தெரியுது," என்றார், பாவம்.

"விரலு போதும் மாப்ள, அதப் புடிச்சு ஆளையே தூக்கிடுவானுங்க," என்றேன். அப்படியெல்லாம் பேசிய வாய் இது.

எங்கள் சபை பிரிஞ்சாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் கூடுகிறது. சபையின் ஃபேஸ்புக் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், கிறிஸ்மஸ் பாட்டு, எல்லாம் என் விரலால்தான் உலகத்துக்குப் போகும். விபத்து நடந்து ஒரு வருடம் ஆனபோது, சபை முழுவதும் உபவாசம் இருந்து ஜெபித்ததற்குத் தங்கை ஒரு வார்த்தை சாட்சி சொல்ல வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். பாஸ்டர் கேட்கவில்லை. நான்தான்.

எங்கள் சபையில் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். சுகத்துக்காக ஜெபித்தவர்கள் ஒலிவாங்கியைப் பிடித்து 'இன்னும் வலிக்கிறது' என்று சொல்லமாட்டார்கள். அது அவிசுவாசம். கேட்டதைப் பெற்றுக்கொண்டோம் என்று நம்பி, பெற்றுக்கொண்ட மாதிரியே சொல்ல வேண்டும். சர்க்கரை குறையாதவர் குறைந்துவிட்டது என்பார்; அடுத்த வாரம் காலில் கட்டோடு வந்து அதே வரிசையில் உட்காருவார். அவர் பொய் சொன்னார் என்று எங்களில் யாரும் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. இன்றும் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஆனால் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த முறை தெரியாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தங்கைக்கு மனசே இல்லை. "கைய தூக்கவே முடியலயேக்கா, நான் என்னத்த சொல்றது?" என்றாள்.

"விசுவாசத்துல சொல்லுடி. எத்தன பேரு உனக்காக முட்டி போட்டிருக்காங்க."

"சுகம் கெடைக்கும்னு சொல்லவா?"

"கெடைக்கும் இல்ல. கெடச்சிருச்சு."

அவள் சின்ன வயதிலிருந்து நான் சொன்னால் கேட்கிறவள். போய் நின்று, "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார், ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வந்து என் பக்கத்தில் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் இரண்டு கைகளையும் உயர்த்தினார்கள். அவளுடைய இடது கை எழும்பியது, வலது கை பாதியில் நின்றது. நான் அவள் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்து மேலே தாங்கிப் பிடித்தேன். அவள் கண்ணை மூடிப் பல்லைக் கடித்தாள், கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அது வலி. எனக்குத் தெரியும், என் கையில் அவள் நடுக்கம் இருந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

பாட்டுக் குழுவில் ஒருத்தி படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். நல்ல படம். ஜன்னல் வெளிச்சம் தங்கையின் முகத்தில் விழுந்திருந்தது. கெடுத்தது நான்தான்: ஓரத்தில் பாதி முகமும், பாட்டுக்குத் திறந்த வாயும், கையின் கீழே தொங்குகிற சதையுமாக நின்றேன். அசிங்கமாக இருந்தது. ஓரத்தை வெட்டினேன். வாய் போனது, முகம் போனது, கை போகவில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். தங்கையின் முகமும் தலைக்கு மேல் இரண்டு கைகளும் மிஞ்சின; நான் தாங்கிய முழங்கை ஓரத்தோடு போனது. கீழே, "ஒரு வருடத்துக்கு முன் லோரி மோதிய நம் சகோதரிக்குப் பூரண சுகம். கர்த்தருக்கே மகிமை," என்று எழுதிச் சபைப் பக்கத்தில் போட்டேன்.

நோட்டில் எழுதிவைத்தது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது எங்கள் சொந்தக் கணக்குகளுக்குத்தான் என்று நினைத்தேன். பிறந்தநாள் என்றார், கல்யாணம் என்றார், சர்ச் என்று சொல்லவில்லை. கர்த்தருடைய காரியம் வேறு, கேஸ் வேறு. இப்படி ஒரு மடத்தனத்தை வேறு யாராவது செய்திருந்தால் அவர்களை நான் விட்டுவைத்திருக்க மாட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, நான் ஓட்டலில் வேலையாக இருந்தபோது வழக்கறிஞர் அம்மா கூப்பிட்டார். எதிர்த்தரப்பு கொடுத்த காகிதக் கட்டில் அந்தப் படம் இருக்கிறது என்றார். "ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கு. தமிழ்ல எழுதுனத மலாய்ல மாத்தி வச்சிருக்காங்க. யார் போட்டது?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, முதல் வேலையாகச் சபைப் பக்கத்துக்குப் போய் அதை அழித்தேன். அழித்துவிட்டு ஏதோ தீயை அணைத்தவள் மாதிரி அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "எடுத்துட்டேன் மேடம். இப்ப அங்க ஒன்னும் இல்ல."

"ஏம்மா எடுத்தீங்க?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "அவங்ககிட்ட பிரிண்ட் இருக்கு. இப்ப நாம மறைக்கிற மாதிரி ஆயிருச்சே. சரி, வெட்டாத படமாவது இருக்கா?"

இல்லை. வெட்டியதை முதல் படத்தின் மேலேயே சேமித்திருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை, காலை வணக்கப் பூக்களோடும் வசனங்களோடும் சேர்த்து, இடம் போதவில்லை என்று எப்போதோ துடைத்துவிட்டிருந்தேன். எடுத்தவளோ புதுக் கைப்பேசி வாங்கிப் பழையதைக் கொடுத்துவிட்டாள். என் கை அங்கே இருந்தது என்பதற்கு நானும் என் தங்கையும்தான் மிச்சம்.

கோர்ட்டு நாளன்று என்னை உள்ளே விடவில்லை. ஒருவேளை என்னைச் சாட்சியாகக் கூப்பிட நேர்ந்தால் நான் முன்னால் நடந்ததைக் கேட்டிருக்கக் கூடாதாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மலைக்குக் கீழே வெயில் எங்களுக்குப் பழக்கமில்லாத வெயில்; ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தது நான். வெட்டியது நான். எழுதியது நான். அழித்தது நான். கூப்பிட்டால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று இருந்தேன். மத்தியானம் வரை என்னைக் கூப்பிடவில்லை. நான் ஏறினால் அழித்ததைப் பற்றித்தான் துருவுவார்கள், உள்ளதும் கெடும் என்று வழக்கறிஞர் அம்மா முடிவு செய்துவிட்டாராம்.

தங்கை வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

"நான்தான் தாங்கிப் புடிச்சேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அந்தக் கை படத்துல எங்கன்னு கேட்டாங்க."

போத்தலைத் திருப்பிக் கொடுத்தாள். "பூரண சுகம்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களான்னு கேட்டாங்க, ஆமான்னேன். அப்ப அது பொய்யான்னாங்க. பொய் இல்ல, விசுவாசத்துல சொன்னேன்னேன். மொழிபெயர்க்கிறவரு ரெண்டு தடவ என்னைக் கேட்டாரு. அப்புறம், 'நல்லாயிட்டதா நம்புறாங்க'ன்னு மலாய்ல சொல்லிட்டாரு."

தீர்ப்பு வர இன்னும் சில மாதங்கள் ஆயின. அவளைப் பொய்க்காரி என்று நீதிபதி சொல்லவில்லை. எலும்பு உடைந்ததை, பட்ட வலியை, லோரியின் தப்பை எல்லாம் ஒப்புக்கொண்டார். கை இனி எழும்பாது, அதற்கு இன்னொரு அறுவை வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தைத் தவிர வேறு காரணங்களும் காட்டினார் என்று வழக்கறிஞர் அம்மா சொன்னார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் பெயர் கொடுத்தோம். முறை வந்தபோது மூட்டு இறுகிவிட்டது, இனித் தொட்டுப் பிரயோசனமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி அவளுக்குச் சுலபமான வேலை ஏதாவது கொடுக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. இப்போது கியா பார்மில் ஒரு கடையில் ஸ்ட்ராபெரி அடுக்குகிறாள், இடது கையால். அடிபட்ட வளைவு அங்கிருந்து தெரியும். சபைப் பக்கத்தை நான் வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்தால் என்ன, வைத்திருந்தால் என்ன. நான் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை நான்; கறி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவள் மகளுக்குப் பள்ளிக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்கித் தருவேன். அவளும் வாங்கிக்கொள்வாள், 'ஏன்க்கா இதெல்லாம்' என்பாள், அதோடு சரி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. மழைத்தூறல், ஒரு கார்கூட நிற்கவில்லை. கடைக்குப் போனேன். அவள் ஒரு பழத்தை எடுத்து, அடிபட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, பெட்டியில் வைத்து, அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை பெட்டியை நகராமல் பிடித்திருந்தது. அதற்குத்தான் அது ஆகும். எனக்குத் தாங்கவில்லை.

"என்ன மன்னிச்சிருடி," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டு, மூடியைப் போட்டு அழுத்தினாள்.

"விசுவாசத்துல சொல்லவாக்கா, உள்ளத சொல்லவா?" என்றாள்.

கிண்டலில்லை. மெய்யாகவே எனக்கு எது வேண்டும் என்று கேட்டாள். உள்ளதைச் சொல் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன்.

"விசுவாசத்துலயே சொல்லு," என்றேன்.

"மன்னிச்சிட்டேன்," என்றாள்.