குபேர மூலைச் சுவர்

கோட்டூர்புரத்தில் எங்கள் வீடு தரைத்தளம். படுக்கையறையின் தென்மேற்கு மூலையில், சுவரோடு ஒட்டி, ஓர் இரும்பு பீரோ. அது குபேர மூலை என்று என் கணவர் குடிவந்த அன்றே அதை அங்கே நிறுத்திவிட்டார். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள்கூட பீரோவைச் சுற்றித்தான் அடித்தார்கள். இந்த வீட்டில் என் பேச்சுக்கு இல்லாத மரியாதை அதற்கு இருந்தது.

போன மழைக்காலத்தில் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வருவதாகப் பேச்சு. முன்கூட்டி ஒருநாள் வந்து அந்த அறையில் மதியம் தூங்கினாள். எழுந்தபோது மூச்சில் விசில். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு.

"ரூம்ல ஏதோ புழுங்கின வாடை அடிக்குதும்மா. பூஞ்சை இருக்கற எடத்துல தங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நான் தி.நகர்லயே இருந்துக்கறேன்" என்றாள்.

தி.நகரில் இருப்பது அவள் மாமியார் வீடு. நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் ஒரே பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வராமல் போவதா?

மெத்தை, அலமாரி, ஜன்னல் திரை எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டேன். மிச்சம் பீரோ.

"அத நகத்தக் கூடாது" என்றார் கணவர்.

"சரி, பேரப்பிள்ளைய தி.நகர்ல போய்ப் பாத்துக்குங்க" என்றேன். அவர் எழுந்துபோய் வாட்ச்மேனை அழைத்துவந்தார்.

மூவரும் சேர்ந்து பீரோவை இழுத்தோம். பீரோவின் உயரத்துக்கும் அகலத்துக்கும் சுவர் முழுக்கப் பூஞ்சை. நடுவில் கன்னங்கரேல், சுற்றிலும் சாம்பல் பச்சை, விளிம்பில் பஞ்சுபோல வெள்ளை, வட்டத்துக்குள் வட்டமாக.

"இன்னாம்மா இது, செவுத்துல முடி மொளச்சிக்கினு கீது" என்றார் வாட்ச்மேன்.

எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். வந்ததோ பிரமிப்பு. எங்கள் தலைமாட்டிலேயே ஒரு காடு. வெளிச்சம் கேட்கவில்லை, காற்று கேட்கவில்லை. நாங்கள் தூங்கினோம், சண்டை போட்டோம், வாஸ்து பேசினோம். அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. அழிக்க வந்தவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

உலர்ந்த துணி பட்டால் தூள் பறக்கும் என்பதால் ஈரத்துணியால் துடைத்தோம். முகத்தில் மாஸ்க், ஜன்னல்கள் விரியத் திறந்து. பிறகு ப்ளீச்சிங் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். சில நாளில் மறுபடி கறுப்புப் புள்ளிகள் எட்டிப்பார்த்தன. அந்தப் பிடிவாதத்தைக் கும்பிடத் தோன்றியது. மனதுக்குள் கும்பிட்டுவிட்டுத் தேய்த்தேன். வெளியே போய்ப் பார்த்தால், மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாய் உடைந்து சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அதை மாற்றிய பிறகுதான் ஈரம் வற்றியது.

பெயிண்ட் வாடையும் மகளுக்கு ஆகாது என்று சுவரை அப்படியே விட்டோம். பீரோ ஹாலுக்குப் போனது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

மகள் வந்ததும் அந்தப் போட்டோவைக் காட்டினேன். "கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் ஈரம். யாரும் பாக்காமயே எப்படி வளந்திருக்கு பாரு."

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இங்க மட்டும் என்னவாம்?" என்றாள்.

அன்று மதியம் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் இல்லை. கணவர் ஓசைப்படாமல் உள்ளே வந்தார். குபேர மூலைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்லா காஞ்சிருச்சு" என்றார் மெதுவாக. "தூளிய இங்கயே கட்டிடலாம்."