மூன்று ஃபேனும் உள்ளே ஊதின

என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். கேம் விளையாடும் கம்ப்யூட்டர் சூடாகிறதென்று மருமகன் கூடுதலாக மூன்று ஃபேன் வாங்கியிருந்தார்.

"எங்கப்பா மாட்டிருவாக" என்று மகள் தன் மாமியார் முன்னால் பெருமையாகச் சொல்லிவிட்டாள். தெரியாது என்று சொன்னால் அவளுக்குத்தான் தலைகுனிவு.

மில் பழக்கத்தில் மூன்றையும் உள்ளே ஊதும்படி வைத்து வயரை இணைத்தேன். கம்ப்யூட்டர் கொதித்துத் தானாக அணைந்தது. மறுபடி போட்டாலும் அணைந்தது.

"என்னண்ணே, இதுல தோசை சுடலாம் போல!" என்றார் சம்பந்தியம்மா.

உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

மருமகன் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மாமா, பின்னால உள்ளது சூட்டை வெளிய தள்ளணும். நீங்க மாட்டும்போதே எனக்குத் தெரியும். மாமனார்கிட்ட எப்படிச் சொல்லன்னு முழிச்சேன்."

"எனக்கு இது தெரியாது மாப்ளே. நீங்க சொல்லுங்க, மாட்டுதேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். மகள் சிரித்துக்கொண்டே டார்ச்சைப் பிடித்தாள்.

'தெரியாது' என்ற இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் வாழ்நாள் முழுக்கப் பயந்திருக்கிறேன்.

எழுதியது: ஆவணி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.