மூதூர்ப் போட்டும் மூன்று கோப்பைகளும்

பிள்ளைகளே, உங்கள் அக்கா கம்பஸில் அப்படி என்னதான் படிக்கிறாள் என்று கேட்டீர்கள். மொடியூலர் வகைக்குறிப்புக் கொள்கை என்று அதற்குப் பெரிய பெயர். எட்டாம் வகுப்புப் படித்த எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

போன லீவில் அவள் குசினி மேசையில் மூன்று கோப்பைகளை வைத்துக்கொண்டு கன்னத்தில் கையோடு இருந்தாள். திங்கட்கிழமை வாய்மொழிப் பரீட்சை. கணிதம் தெரியாதவருக்கும் விளங்கும் உதாரணம் ஒன்று சொல்ல வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை.

"கோப்பைகளை இடம் மாத்திறதை எண்ணால எழுதலாம் அப்பா. ஒரு முறையில, எப்பிடி மாத்தினாலும் சக ஒண்டு. மற்ற முறையில, ரெண்டை மாத்தினா சய ஒண்டு. ஆனா அந்த எண் ஒற்றையா இரட்டையா எண்டு மட்டும் பார்த்தா, ரெண்டு முறையும் ஒண்டாகி ஒரே புளொக்குக்குள்ள, ஒரே கூட்டத்துக்குள்ள, விழும். மூண்டாவது முறை ஒண்டிருக்கு, அது தனிப் புளொக்."

"சகவும் சயவும், கூட்டலும் கழித்தலும், எப்பிடிப் பிள்ளை ஒண்டாகும்?"

"அதைத்தானே சொல்ல ஏலாம இருக்கு!"

நான் மூதூர்ப் போட், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகு, ஓட்டுகிறவன். காலையிலிருந்து ஓடிய ஓட்டம் ஒற்றை என்றால் போட் அக்கரையில், இரட்டை என்றால் இக்கரையில்.

"மகள், போறதைச் சக எண்டும் வாறதைச் சய எண்டும் வையுங்கோ. எந்தப் பக்கம் ஓடினாலும் போட் மற்றக் கரையிலதானே நிக்கும்! அப்ப ஒற்றை இரட்டை பார்க்கேக்க சகவும் சயவும் ஒண்டுதான்!"

அவள் கதிரை விழ எழும்பித் துள்ளினாள். நானும் துள்ளினேன்.

"கோப்பை உடைஞ்சா ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி இல்லை!" என்றார் அம்மா.

திங்கள் பின்னேரம், "பாஸ் அப்பா!" என்று போன் வந்தது. ஆளில்லாத போட்டில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை அவளுடைய கோப்பைகளைப் போல இடம் மாற்றி, "சய ஒண்டு!" என்று கத்திவிட்டு, ஹோர்னை நீளமாக அடித்தேன்.