அவள் முதுகுக்குப் பின்னால் மேகம்

என் மனைவிக்கு ஆசைகள் குறைவு. இருந்த ஒன்றையும் நான் ஆயுத பூஜை லீவில் கொண்டுபோய்க் கெடுத்தேன்.

அவள் பிறந்தது வெள்ளகோவில் பக்கம், மழை எட்டிப் பார்க்காத ஊர். கல்யாணமாகி சிங்காநல்லூர் வந்து, மில்லில் பஞ்சுக்கு நடுவே பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாள். ஊட்டியைப் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் அப்படி இன்னும் நிறையப் பேர் உண்டு. போன வருஷம் டாக்டர் அவளுக்குக் கண்ணில் பிரஷர் என்றார். ஓரப் பார்வை போய்விட்டது, மிச்சமிருப்பதும் போகும், மருந்து விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்றார். வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் அவள் சொன்னாள்.

"ஏனுங்க, மேகத்தை மேல நின்னு பாக்கோணுங்க. ஒருக்கா பாத்துப்போட்டா, அப்புறம் போனாப் போகுது."

மறுநாளே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். கையில் ஆர்டர் இருக்கும்போது பூட்ட மனசு வராது. தீபாவளியையும் ஆயுத பூஜையையும் விட்டால் எங்களுக்கு லீவு ஏது? பூஜை முடிந்த மறுநாள் போகலாம் என்றேன். மற்ற பட்டறைக்காரர்களும் அன்றைக்குத்தானே பூட்டுவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் எட்டியது. முன்னால், பின்னால் நின்ற கார்களில் எல்லாம் சந்தனம், குங்குமம், முகப்பில் கட்டிய வாழைக்கன்று. மொத்தக் கோயமுத்தூரும் மலைமேல் வரிசை கட்டி நின்றது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நகராத நேரத்தில் பூஜைப் பொரியைத் தின்று தீர்த்தோம். "இவனுகளுக்கெல்லாம் ஊட்ல இருக்க முடியாதாக்கும்?" என்று கத்தினேன். எங்கள் காரிலும் வாழைக்கன்று வாடித் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மலை உச்சியில் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. கம்பி ஓரத்தில் மூன்று வரிசை ஆட்கள். நடுவே நுழைந்து அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் கம்பியைப் பிடித்ததுமே பக்கத்தில் ஒரு குரல்.

"அம்மணி, கொஞ்சம் நவுந்துக்கறீங்களா? ஒரே ஒரு போட்டோங்க."

"அதுக்கென்னுங்க, எடுத்துக்குங்க," என்று நகர்ந்தாள்.

அவர்கள் போனதும் இன்னொரு குடும்பம். அதே கனிவு, அதே 'ங்க'. இவளும் அதே பதில். இடித்துத் தள்ளியிருந்தால் நான் சண்டை போட்டு இடம் பிடித்திருப்பேன். சிரித்துக் கேட்பவர்களை என்ன செய்வது? மரியாதையாகக் கேட்டால் மறுக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வராது.

"ஏன் நகர்ந்துட்டே இருக்கற?" என்று கடிந்தேன்.

"அவங்களும் நம்மளாட்டம் ஆசையா வந்தவங்கதானுங்க."

நான்காவது குடும்பம் விலகியபோது அவளுக்கு எதிரே கம்பி ஓரம் காலியானது. அதே நேரம் போலீஸ்காரர் விசில் ஊதி, வண்டிகளை எடுக்கச் சொன்னார். இவ்வளவு தூரம் வந்ததற்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமே என்ற பதற்றத்தில் போனை எடுத்தேன்.

"அம்மணி, இங்க திரும்பு."

திரும்பிச் சிரித்தாள். எடுத்தேன். மறுபடியும் விசில். காத்திருந்தவர்கள் அந்த இடத்தில் நுழைந்துகொண்டார்கள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

இறங்கும்போது, "பாத்தியா?" என்றேன். "பாத்தனுங்க," என்றாள். நம்பாமல் வேறென்ன செய்ய?

இப்படிக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வருவதெல்லாம் ஒரு பயணமா என்று யாராவது பேச்செடுத்தால் முன்பு நீட்டி முழக்குவேன். இப்போது வாயைத் திறப்பதில்லை. மற்றவர்கள் அவளை நான்கு முறை நகர்த்தினார்கள். மேகத்துக்கு முதுகு காட்டி நிறுத்தியது நான்தான்.

இப்போது அவளுக்கு என் முகமே சரியாகத் தெரிவதில்லை. நேற்று சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தப் போட்டோல எனக்குப் பின்னால என்னங்க இருக்குது?"

போனைத் திறந்து பார்த்தேன். அவள் தோளுக்குக் கீழே, பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிறைந்து கிடந்தது.

"மேகந்தான்," என்றேன்.

"எப்படி இருக்குதுங்க?"

"பஞ்சாட்டம் இருக்குது," என்றேன்.

"பஞ்சுதான் மில்லுல பாத்துட்டனுங்களே," என்றாள். "மேகத்தைச் சொல்லுங்க."