யாரும் எடுக்காத பெயர்

பஸ் பணிமனையில் அவரை எல்லோரும் 'எதிர்க்கட்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை டிங்கர் வேலை. எங்கேயோ இடித்துக்கொண்டு வரும் பஸ்களின் நசுங்கிய தகட்டைத் தட்டித் தட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. ஆனால் அந்தப் பெயர் சுத்தியலால் வந்ததல்ல, வாயால் வந்தது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு என்பது அவர் கட்சி. சொன்ன கையோடு அந்த மறுபக்கத்தில் போய் நின்றுகொள்வார். இன்றைக்கு என்ன வெயில் என்று ஒருவர் முகத்தைத் துடைத்தால், இதெல்லாம் ஒரு வெயிலா என்பார். அவரே சட்டை நனைய வியர்த்துக்கொண்டிருப்பார்.

சண்டைக்காரர் இல்லை. யாரையும் கைநீட்டியதோ, மனம் நோகப் பேசியதோ கிடையாது. எதிர்த்துப் பேசும்போது அவர் முகம் பசியோடு சாப்பிட உட்கார்ந்தவர் முகம் மாதிரி மலர்ந்திருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் தொழிலிலிருந்தே பதில் சொல்வார். "தகட்டுக்குப் பின்னால ஒரு இரும்புக் கட்டையை அணைச்சுப் பிடிக்காம முன்னால மட்டும் தட்டிப் பாரு. நெளிசல் இடம் மாறுமே தவிரப் போகாது. பேச்சும் அப்படித்தான். பின்னால ஒருத்தன் பிடிக்கணும்."

வருஷத்தில் ஒரு தடவை அவருக்குத் திருவிழா. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரருக்குத் தேசிய விருது கொடுப்பார்கள் இல்லையா, அதற்கான இறுதிப் பட்டியல் பத்திரிகையில் வரும் நாள்தான் அது. பணிமனையின் பெயிண்டர் அந்தச் செய்தியைக் கத்தரித்துச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டிவிடுவார். அன்றிலிருந்து விருது அறிவிக்கும்வரை மத்தியான வேளையில் அந்த அறை நீதிமன்றம். ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொண்டு வாதாடுவார்கள். எதிர்க்கட்சி கடைசியில்தான் எடுப்பார். யாரும் சீந்தாத பெயர் எதுவோ அது அவருக்கு. எழுதி வைக்காத சட்டம் அது. யாரும் மீறியதில்லை.

ஒரு வருஷம் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் அப்படி மிஞ்சினார். ஒரு மேஜை, ஒரு குச்சி, இதில் வியர்வை எங்கே, விளையாட்டு எங்கே என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். எதிர்க்கட்சி எழுந்துபோய் இரண்டு பேரிங் குண்டுகளை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். ஒரு டம்ளரை ஓரத்தில் சாய்த்துப் படுக்கவைத்தார். "சுத்தியல் காம்பால இந்தக் குண்டைத் தட்டி, அது அந்தக் குண்டைத் தட்டி, அது டம்ளருக்குள்ள போகணும். யாராவது ஒருத்தர் செய்யுங்க. நான் வாயை மூடிக்கிறேன்." அவர் வாயை மூடவைக்க இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்று மொத்தப் பணிமனையும் வரிசையில் நின்றது. குண்டுகள் குழம்புக்குள் விழுந்தன, செருப்புக்கடியில் ஓடின, ஒன்று ஃபோர்மேனின் சட்டைப் பையில் போய் உட்கார்ந்தது. டம்ளருக்குள் மட்டும் போகவில்லை. கடைசியில் எல்லோரும் பில்லியர்ட்ஸ்காரருக்கே கையைத் தூக்கினார்கள்.

அத்தனை கைகளையும் பார்த்து எதிர்க்கட்சிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க," என்று ஆரம்பித்தார். "ஒரு மேஜை, ஒரு குச்சி..."

பெயிண்டர் தோளில் கிடந்த அழுக்குத் துணியை அவர் முகத்தில் விட்டெறிந்தார். "யோவ்! உன்னை ஜெயிக்கவும் முடியல, உன்னோட சேர்ந்து நிக்கவும் முடியல!"

வீட்டில் அவர் மனைவி இந்த வம்புக்கே போனதில்லை. அந்த அம்மாவுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. மழை வரும்போல் இருந்தால், "இன்னிக்கு மழையெல்லாம் வராது, குடையை வச்சிட்டுப் போங்க" என்பார். எதிர்க்கட்சி உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமானால், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எதுக்கு டாக்டர்?" என்று ஒரு வார்த்தை போதும். இப்படியே மனைவி சொன்னதற்கு நேர்மாறாகச் செய்து, மனைவி நினைத்தபடியே வாழ்ந்தார். அது அவருக்குத் தெரியவந்தது மனைவி இறந்த பிறகு, முதல் மழையில் தெருவில் நனைந்துகொண்டு நின்றபோதுதான்.

பிறகு ஓய்வு வந்தது. பெயிண்டரும் போய்ச் சேர்ந்தார். மகள் கடல் தாண்டி இருந்தாள். வாராவாரம் போன் செய்வாள், பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்பாள். இங்கே வரவே வேண்டாம் என்று ஒரு தடவை வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார். அதற்கும் "சரிப்பா, உங்க இஷ்டம்" என்றாள். மாடியறையில் அவரும் தொலைக்காட்சியும்தான். செய்தி வாசிப்பவரிடம் மறுத்துப் பேசிப் பார்த்தார். அந்த ஆள் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே போனார்.

அந்த வருஷத்துப் பட்டியலும் அந்தப் பெட்டியில்தான் வந்தது. நான்கு பேர். கால்பந்து கேப்டன், நீச்சல்காரர், பளுதூக்கும் பெண், நடைப்போட்டிக்காரர். எதிர்க்கட்சி சட்டென்று எழுந்து நின்றார். எழுந்து நின்ற பிறகுதான் பேச ஆள் இல்லை என்பது உறைத்தது. மறுநாள் காலையில் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார் பணிமனை வாசலில். அந்தப் பக்கம் யாரும் சும்மா வரமாட்டார்கள். பணிமனையையும் ஒரு சாக்கடையையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

நல்ல மரியாதை கிடைத்தது. ஒரு காலத்தில் "யோவ், கொஞ்சம் வாயை மூடுய்யா" என்று கத்திக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன்தான் இப்போது ஃபோர்மேன். அவரே ஓடிவந்து கையைப் பிடித்து, "வாங்க ஐயா, வாங்க" என்று சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார். மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. கதவில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"அப்புறம், இந்த வருஷம் விருது யாருக்கு?" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே, பெரிய அக்கறை இல்லாதவர் மாதிரி.

"கால்பந்து கேப்டனுக்குத்தாங்க ஐயா," என்றார் ஒரு மெக்கானிக்.

எதிர்க்கட்சியின் நெஞ்சு நிமிர்ந்தது. "கேப்டனா? முழங்கால் வலின்னு பாதி ஆட்டம் பெஞ்சுலதானே உக்காந்திருந்தாரு? அப்ப அந்த பெஞ்சுக்குக் கொடுங்க. அதுதான் எல்லா ஆட்டத்துலயும் இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் காத்திருந்தார்.

"ஐயா சொல்றது கரெக்ட்தான்," என்றார் மெக்கானிக்.

எதிர்க்கட்சி கொஞ்சம் தடுமாறினார். "அதுக்காக அப்படி ஒரேயடியா விட்டுடக் கூடாது. முழங்கால் போயும் கடைசி ஆட்டத்துல இறங்கினாரே, அது சாதாரணமா?"

"அதுவும் சரிதாங்க ஐயா."

"நீச்சல்காரர்?"

"அவரும் நல்லாத்தான் நீந்துறாரு."

"நல்லா என்ன நீந்துறாரு? போன வருஷம் நீந்தினதை விட இந்த வருஷம் மெதுவாத்தானே நீந்தினாரு!"

"ஆமாங்க ஐயா, மெதுவாத்தான்."

எங்கே தட்டினாலும் பஞ்சில் தட்டுவது போல் இருந்தது. ஃபோர்மேன் இன்னொரு டீ சொன்னார். இரண்டு பேர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் இந்த விருதுக்குப் போனிலேயே ஓட்டுப் போட்டுவிடலாம் என்று ஒருவர் அன்போடு விளக்கினார்.

கடைசி முயற்சியாக எதிர்க்கட்சி பளுதூக்கும் பெண்ணின்மேல் பாய்ந்தார். "அதெல்லாம் ஒரு விளையாட்டா? தூக்குறாங்க, கீழ வைக்கிறாங்க. எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்தாலாவது பரவாயில்ல."

"அதெப்படி?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பஸ்ஸுக்கு சீட் தைக்கும் பெண். புதிதாகச் சேர்ந்தவள். கையில் சாப்பாட்டு டப்பா மூடி, விரல் நுனியில் ரெக்சின் பசை. "ரெண்டு பேர் உக்கார்ற பஸ் சீட்டு ஒண்ணைத் தலைக்கு மேல தூக்கி, கை நடுங்காம நின்னு, சிரிச்சுக்கிட்டே கீழ வைங்க பார்ப்போம். கொண்டுபோய் எங்கயும் சேர்க்க வேண்டாம். வச்சதும் நானே டாக்டர்கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

எதிர்க்கட்சிக்குக் காதுவரை வாய் விரிந்தது. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். "ஓ! அப்ப சுமை தூக்குற எல்லாருக்கும் விருதா?"

"ஏன், கொடுத்தா என்ன..."

"ஏம்மா!" என்றார் ஃபோர்மேன். "யார்கிட்ட பேசுறோம்னு பார்த்துப் பேசு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து இங்க வேலை பார்த்தவரு."

அவள் முகம் சிறுத்துவிட்டது. "மன்னிச்சிருங்க ஐயா. தெரியாம பேசிட்டேன்."

"இல்லம்மா, நீ பேசு. அவன் கிடக்கான். தப்புன்னு சொல்லு. ஏன் தப்புன்னு சொல்லு."

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்று சொல்லி அவள் டப்பாவை மூடினாள். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து, அடிக்கடி வந்துபோங்க ஐயா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவர் ஏற வேண்டிய பஸ்கள் வந்து நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போயின. சாயங்காலம் வேலை விட்டதும் சீட் தைக்கும் பெண் வந்தாள். அவரைப் பார்த்துத் தயங்கி, பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"சுமை தூக்குறவங்களுக்கும் கொடுக்கலாம்னு சொல்ல வந்தியே," என்றார்.

"விட்டுருங்க ஐயா. நீங்க போனதுக்கப்புறம் ஃபோர்மேன் இன்னொரு தடவை திட்டினாரு."

தன் வருகையால் அவளுக்கு நேர்ந்தது இதுதானா என்று அவருக்குச் சுருக்கென்றது. மெதுவாகச் சொன்னார். "என்கிட்ட இப்ப யாரும் மாத்திப் பேசறதே இல்லம்மா. நான் எதுக்கு வந்தேன்னு நினைக்கிற? டீ குடிக்கவா?"

அவள் அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தாள். "அந்த பெஞ்சு ஜோக்கு சகிக்கல," என்றாள்.

"என்னது?"

"கேப்டனுக்கு முழங்கால்ல ஆபரேஷன் நடந்துச்சு. அதைப் போய் ஜோக்கா சொல்றீங்க. அவங்க எல்லாம் மரியாதைக்குச் சிரிச்சாங்க."

எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவருக்கு ரத்தம் சரியாக ஓடியது. கேப்டனைத் தாக்கினார், அவள் தடுத்தாள். அவள் பளுதூக்குபவளைப் புகழ்ந்தாள், அவர் குற்றம் கண்டுபிடித்தார். காலில் சூடு போட்டது போல் நடப்பதா ஒரு போட்டி என்று அவள் நடைப்போட்டிக்காரரைக் கேலி செய்ய, அவர் எழுந்து நின்று, இடுப்பை ஆட்டிச் சிமெண்டுத் தரையில் நடந்தே காட்டினார். எதிர்ச் சாரியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"சரி," என்றாள் அவள், சிரித்து ஓய்ந்து. "உங்களுக்கு யாரு?"

"நடைப்போட்டிக்காரர்தான்."

"ஏன்?"

"அவரை யாரும் சொல்லலையே."

"அது எப்படிக் காரணமாகும்? வேற யாருமே இல்ல, நீங்க மட்டும் இருக்கீங்க, உங்க கையில விருது இருக்கு. யாருக்குக் கொடுப்பீங்க?"

அவர் நான்கு பேரையும் விரல்விட்டு எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அவள் பஸ் வந்தது. "யோசிச்சு வைங்க," என்று ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க யோசித்தார். அது அவர் அறியாத வேலை. ஒவ்வொரு பெயராக எடுத்தால், அதற்கு எதிராகப் பெயிண்டர் குரலில் ஒன்று கேட்கும், உடனே பதிலுக்குத் தான் ஒன்று சொல்லத் தோன்றும். பெயிண்டரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு யோசித்தால் மனசு வெறும் அறையாக இருந்தது. இத்தனை வருஷ வாதங்களில் தனக்கு உண்மையில் யாரைப் பிடித்திருந்தது என்று திரும்பிப் பார்த்தார். ஒருத்தர் முகமும் நிற்கவில்லை. மற்றவர்கள் விட்டுவைத்ததையே எடுத்து எடுத்துத் தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் பளுதூக்கும் பெண்ணைக் காட்டினார்கள். கம்பியைத் தலைக்குமேல் தூக்கிவிட்டாள். கால் நடுங்கியது. தூக்கியது செல்லும் என்று நடுவர் விளக்கு எரியும்வரை கீழே போடக் கூடாது. அதுவரை அவளைச் சுற்றி மேடையில் ஒருவரும் இல்லை. அவள் கண் மட்டும் எங்கோ நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். விளக்கு எரிந்தது. இவளுக்குத்தான், என்று அவருக்குத் தெரிந்தது. மறுத்து உள்ளே ஒரு குரலும் எழவில்லை.

தெரிந்ததும் சங்கடமும் வந்தது. நீச்சல்காரர் என்று ஒரு பொய் சொன்னால் அந்தப் பெண் பாய்ந்து வருவாள். ஒரு சாயங்காலம் நன்றாகப் போகும். உள்ளதைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மறுநாள் பணிமனைக்குப் பஸ்ஸில் போகும்போது நீச்சல்காரருக்காக நாலைந்து நல்ல வாதங்களைத் தயார்செய்துகொண்டேதான் போனார்.

அவள் வேலை முடிந்து வந்து பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "யோசிச்சீங்களா?"

நீச்சல்காரர் நாக்கு நுனிவரை வந்து நின்றார். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

"பளு தூக்குற பொண்ணுக்குத்தான்," என்றார்.

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

"இல்ல. எனக்கே தோணுச்சு."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி," என்று அவள் சந்தோஷமாகச் சிரித்தாள்.

"ஆமா," என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார். பிறகு அவள் பையைத் திறந்து எதையோ தேடினாள், மூடினாள், சாலையைப் பார்த்தாள். அவரும் சாலையைப் பார்த்தார். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.