கைபேசியில் சொன்ன அறுபது அடி

காலை 6.50. யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் ஐம்பது ரூபாய்க்குப் பால் சேர்க்காத ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அச்சுவேலி பஸ் ஏறினேன். பதினைந்து கிலோமீட்டர் பயணம். தஞ்சாவூரில் நிலவியல் கற்பிக்கும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போன மாதம் நண்பரின் அக்கா தவமணிக்குக் கைபேசியிலேயே யோசனை சொல்லிவிட்டேன்: "கிணத்துக்கு அடியில கல்லுல வெடிப்பு இருந்தா இன்னும் அறுபதடி துளை போடுங்க. தண்ணி கொட்டும்!"

அது நான்கு குடும்பங்களின் பங்குக் கிணறு. நால்வரும் சம்மதித்தால்தான் கல்லில் கை வைக்கலாம். மூவர் என்னை நம்பித் துளைபோடும் இயந்திரம் மறுநாளே வர நாள் குறித்துவிட்டார்கள். தவமணி அக்கா மட்டும், சொன்ன ஆள் வந்து பார்க்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

8.10. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் பச்சைப்பசேலென்று நின்றது. மனம் குளிர்ந்தது.

"வாங்கோ தம்பி, பயணம் சுகமோ?" என்று வரவேற்ற அக்கா, நேரே கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். சுண்ணாம்புக் கல்லில் கை நுழையுமளவு வெடிப்பு, நீருக்குள் இறங்கிப் போயிற்று. எனக்கு உற்சாகம் பிறந்தது.

"இந்தியாவும் இலங்கையும் ஒரு காலத்துல ரெண்டு பக்கமா இழுபட்டப்ப, நடுவுல தரை பிளந்து தாழ்ந்துச்சு அக்கா. அந்தப் பள்ளத்துல படிஞ்ச வண்டல் மேலதான் எங்க தஞ்சாவூர். அதுல வளர்ந்த சுண்ணாம்புக் கல்லு மேல உங்க ஊர். இப்ப நம்ம நிலத்தட்டு வடக்கே இமயமலையில முட்டி நிக்குது. கிழக்கே சுமத்ராவுக்கு அடியில இறங்குது. ஒரு பக்கம் தடுக்குது, ஒரு பக்கம் இழுக்குது. நடுவுல இருக்கற பழைய பிளவெல்லாம் நெரிபடுது."

"எங்கடை பங்குக்காரர் கூட்டம் மாதிரித்தான்," என்று சிரித்தார் அக்கா. பிறகு கேட்டார்: "வெடிப்பு ஆழமாப் போகுதெண்டால், அதாலை கடலும் வராதோ?"

அடித்தண்ணீரை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

9.30. ஒரு போத்தலுக்குத் தக்கையடைத்து, கல் கட்டி, வெடிப்புக்குள் முப்பதடி இறக்கினோம். தக்கையில் கட்டிய நூலைச் சுண்டி அதைக் கழற்றி, போத்தல் நிரம்பியதும் தூக்கினோம்.

"முதல் நீங்கள் குடியுங்கோ."

குடித்தேன். கடல்நீர்தான். மேலே இருந்த நல்ல தண்ணீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருந்தது. துளை போட்டிருந்தால் உப்புநீர் மேலேறி நான்கு தோட்டங்களும் என் வாயால் பாழாகியிருக்கும். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மற்ற மூவரும் வந்து ஒரு வாய் குடித்துத் துப்பினார்கள். இயந்திரக்காரருக்கு வரவேண்டாமென்று அங்கிருந்தே சொன்னார்கள்.

"முகத்தைத் தொங்கப்போடாதேங்கோ. கேட்டவுடனை வந்தியள்தானே," என்றார் அக்கா. மதியம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். வயிறும் மனமும் நிறைந்தன.

மாலை 4.30. திரும்பும் பஸ்ஸில் ஊரிலிருந்து தம்பி அழைத்தான். "அண்ணே, மாமா வயல்ல போர் எத்தனை அடி போடலாம்?"

எண் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நேர்ல வந்து, தண்ணியைக் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"நீ எப்பவும் உடனே சொல்லிடுவியே?"

"ஆமாம்," என்றேன். வழியில் குடிக்க அக்கா கொடுத்தனுப்பிய நல்ல கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல் மடியில் இருந்தது. திறந்து இன்னொரு வாய் குடித்தேன்.