நீலம் பூசிய மாடம்

சென்ற கிழமை இங்கே ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு பழைய மண்டபத்துச் சுவரைச் சுரண்டப் போனேன். குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் வரப்போகிறதாம், எல்லாம் வெள்ளையாக வேண்டுமாம். வாசலை மாற்றிக் கட்டியிருந்ததால் பழகிய இடம் என்பதே பிடிபடவில்லை. தண்ணீர் தெளித்து முதல் இழுவை இழுத்ததும் நனைந்த சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியது. வெள்ளைக்கு அடியில் நீலம். கை நின்றுவிட்டது. அது நான் பூசிய நீலம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வாய் பேசுமுன் கை பேசும் ஆள் என்று அகதி விடுதியில் பெயர் எடுத்திருந்தேன். குசினியில் ஒரு முட்டைப் பெட்டிக்காக ஒருவனின் பல்லை உடைத்தேன். அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன், வெட்கங்கெட்டவன். என் அறையில்தான் யோகன் அண்ணை இருந்தார். ஊரில் கோயில் சுவர்களுக்குப் படம் எழுதியவர். பிள்ளையார் சுழி போடாமல் அவருக்கு எதிலும் கை ஓடாது. வதிவிட விண்ணப்பமான அன்ட்ராக் படிவத்தின் தலையிலேயே சுழி போட்டுக் கொடுத்துவிட்டார். கந்தோர்ப் பெண் அதைச் சுட்டி இது என்ன என்று கேட்க, நாங்கள் இருவரும் திருதிருவென விழித்தோம்.

இந்த மண்டபத்தைத் தொழுகைக்காக எடுத்தவர் லாகூர்க்காரரான சலீம் பாய். தன் ஊரின் முகலாயர் காலத்துப் பள்ளிவாசல் படத்தை விரித்து, இதே மாதிரி வேண்டும் என்றார். அம்மாடி! நடுவில் பெரிய வளைவு, அதற்குள் வளைவு, அதற்குள் மாடம். மூலைக்கொரு எண்கோணக் கோபுரம். உள்ளே ஒரு சாண் வெறுஞ்சுவர் கிடையாது. பூச்சாடி, பழத்தட்டு, சைப்பிரஸ் மரத்தைச் சுற்றி ஏறும் பூங்கொடி. செங்கல் சுவரில் சாந்து பூசி, அந்தச் சாந்தின்மேல் திரும்பவும் செங்கல் போலவே கோடு தீட்டியிருந்தார்கள்.

"இருக்கிற கல்லை மறைச்சுப்போட்டுக் கல்லைக் கீறியிருக்கிறாங்கள். சரியான ஆக்களடா!" என்று யோகன் அண்ணை சிரித்தார்.

ஈரச் சுண்ணாம்பில் அவர் ஆணியால் கீறி, மேலே கறுப்புக் கோடு தீட்டுவார். நான் வண்ணம் நிரப்புவேன். தொழுகிறவர்கள் முகம் திருப்பி நிற்கும் மாடத்தைக் கடைசிக்கு வைத்திருந்தோம். நான் நீல வாளியோடு வந்தபோது அதன் அடியில் கறுப்பாக ஒரு சுழி.

எனக்குத் தலை வெடித்தது. பள்ளிவாசல் மாடத்தில் பிள்ளையார் சுழியா? எங்களை நம்பிச் சுவரைத் தந்த மனுசன் கண்டால்? ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீலத்தை அள்ளி அடித்தேன்.

"என்னடா செய்யிறாய்? அது கொடியடா!"

"பொய் சொல்லாதேங்கோ அண்ணை! அன்ட்ராகிலயே சுழி போட்ட ஆள் நீங்கள்!"

அவர் என் பிரஷைப் பறித்தார். நான் நெஞ்சில் குத்தினேன். அவர் வாளியால் என் முகத்தில் அடித்தார். உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம். சாரக்கட்டில் மோதி இரண்டு பேரும் விழுந்தோம். என் கையில் சுண்ணாம்பு சுரண்டும் தகடு இருந்தது. வீசினேன். வேண்டுமென்றுதான் வீசினேன் நண்பரே, உங்களிடம் மறைத்து என்ன? அவருடைய வலது உள்ளங்கை பிளந்தது. சுவரில் தீட்டிய சைப்பிரஸ் மரமெல்லாம் இரத்தம். சலீம் பாய் ஓடிவந்து தோள்துண்டால் அந்தக் கையை இறுக்கிக் கட்டினார். ஏன் அடிபட்டீர்கள் என்று கேட்டார். இருவருமே சொல்லவில்லை.

நரம்பு அறுந்துவிட்டது. பெருவிரலும் சுட்டுவிரலும் பிறகு மடங்கவேயில்லை. யோகன் அண்ணை பிரஷைத் தொடவில்லை, என்னோடு பேசவுமில்லை. டுசல்டோர்ஃபுக்குப் போய்விட்டார். பிழை அவருடையது என்று சொல்லிச் சொல்லியே நான் முப்பது வருடம் சோறு தின்றேன்.

சென்ற கிழமை அந்த நீலத்தை மெல்ல உரித்தேன். சுழி அப்படியே இருந்தது. கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தேன். சுழியில் தொடங்கிய ஆணிக்கீறல் நிற்காமல் மேலே ஏறியது. ஒரு வளைவு, இரண்டு இலை, ஒரு மொட்டு, மீண்டும் வளைவு. மாடத்தின் உச்சிவரை கொடி. முதல் சுருளுக்கு மட்டும்தான் அவர் கறுப்புத் தீட்டியிருந்தார். அன்றும் இந்தக் கீறல் இங்கேதான் இருந்திருக்கிறது. பாவி, நான் பார்க்கவில்லை.

அவருடைய எண் எப்போதும் என்னிடம் இருந்தது. அழுத்தினேன்.

"அண்ணை, அது கொடிதான்."



"ஓம். அண்டைக்கே சொன்னனான்." வைத்துவிட்டார்.

சலீம் பாய் இப்போது இல்லை. அவருடைய ஆட்கள் எப்போதோ பெரிய கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள்; பிறகு வந்தவர்கள்தான் எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்திருந்தார்கள். நாலு மணிக்குள் சுவர் வெறுமையாக வேண்டும் என்பது பேச்சு. பூச்சாடி, சைப்பிரஸ், பொய்ச் செங்கல் எல்லாம் தூளாக விழுந்தன. கொடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதையும் நானே சுரண்டினேன்.